கற்பியாத குருவும் கட்டைவிரற் காணிக்கையும்

குருவை நிந்திப்பவன் நரகம் புகுவான் என்று நமக்குச் சிறு வயது முதலே சொல்லி வைத்திருக்கிறார்கள். கற்பிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கற்பியாமல் விடும் குருவுக்கு எந்த நரகம் என்று மட்டும் எவரும் சொல்லக் காணோம். அவரை நரகத்துக்கு அனுப்பும் உத்தேசம் நமக்கில்லை. ஆனால், அவர் வீற்றிருக்கும் நாற்காலியைப் பற்றியும், அந்த நாற்காலியினால் தோட்டத்து ஏழை மக்களுக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றியும் பேசாதிருக்க நம்மால் இயலவில்லை.

நாம் யாரைக் குறிக்கிறோம் என்பது தோட்டத்து வாசகர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியார் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கீழே சின்னக் கிராணி என்று ஓர் இளைஞன் வந்து சேருகிறான். செக்குரோல் எழுதுவது, பால் நிறுத்த கணக்கைப் பதிவது, மாதக் கடைசியில் சம்பளம் கட்டுவது ஆகிய எல்லாவற்றையும் அவ்விளைஞன் பெரியவரிடமிருந்தே கற்க வேண்டும். இதற்கென்று பள்ளிக்கூடம் கிடையாது. அவரே பள்ளிக்கூடம், அவரே பாடப்புத்தகம். அப்படிப்பட்டவர் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, "படி, படி" என்று அதட்டுவாரானால் அவ்விளைஞன் எதைப் படிப்பான்?

பட்டணத்து வாசகர்கள் இது தோட்டத்துக்கு மட்டும் உரிய விஷயமென்று எண்ணி அடுத்த பக்கத்துக்குப் போய்விட வேண்டா. பட்டறையிலும், அச்சுக்கூடத்திலும், மளிகைக் கடையிலும், சர்க்கார் காரியாலயத்திலும் இவர் இருக்கிறார். உடைதான் வேறு.

நான்கு உவமைகள்

இவ்வகை ஆசிரியர் புதிதாய்ப் பிறந்தவர் அல்லர். ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றியபோதே இவரை நன்றாக அறிந்திருக்கிறார். ஆசிரியராதற்குத் தகுதியில்லாதவர்களுக்கு அவர் நான்கு உவமைகள் கூறினார்: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இந்த நான்கையும் நாம் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. நாம் படித்தது ஆங்கிலப் படிப்பு. உத்தியோகத்தில் அடிபட்ட பிறகே ஒரு தமிழாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேட்டபோது, நம் ஆபீசையே பார்த்து எழுதினாரோ என்று திகைத்தோம்.

கழற்குடம் என்பது கழற்சிக்காய் நிரப்பிய குடம். முதலில் போட்டது முதலில் வராது. கவிழ்த்தால் எது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. சேமநிதிப் பிடித்தத்தை முதல் நாளே சொல்லிவிட்டு, வருகைக் குறி போடுவதை ஆறாம் மாதம் சொல்லும் பெரியவர் இவ்வகையினர். இவரிடம் வஞ்சகம் இல்லை, ஒழுங்குதான் இல்லை. இவரை மன்னித்துவிடலாம்.

மடற்பனை, கருக்கு மட்டை சூழ்ந்த பனை. யாரையும் ஏறவிடாது. பழம் தானாய் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கேள்வி கேட்பவனைக் கருக்கால் கிழிப்பவர், தமக்கு மனம் வந்த நாளில் மட்டும் ஒரு விஷயத்தை உதிர்ப்பவர் இவ்வகையினர். நம் நாட்டில் இந்தப் பனைக்குப் பஞ்சமே இல்லை.

பருத்திக்குண்டிகை, பஞ்சு அடைத்த குடுக்கை. கொஞ்சம் கொஞ்சமாய் அடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். பத்து வாரத்தில் கற்பிக்கக்கூடிய வேலையைப் பத்து வருஷத்துக்கு நீட்டுபவர் இவர். "நான் பத்து வருஷத்தில் கற்றேன், நீ மட்டும் உடனே கற்றுவிடுவாயா?" என்பது இவருடைய தர்க்கம்.

முடத்தெங்கு, கோணி வளர்ந்த தென்னை. தண்ணீர் ஊற்றுபவன் ஒருவன். காய் விழுவது அடுத்த வீட்டு முற்றத்தில். ஓர் இளைஞன் காலையில் இவர் பையைத் தூக்குகிறான்; மாலையில் இவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை இவருக்காகப் பட்டணம் போய்ச் சாமான் வாங்கி வருகிறான். வேலையின் சூட்சுமமோ இவருடைய மைத்துனன் மகனுக்குப் போய்ச் சேருகிறது.

அந்நூல் சொல்வதையெல்லாம் நாம் ஏற்கிறோம் என்று யாரும் கருத வேண்டா. நல்லாசிரியர்க்கு வேண்டியவற்றுள் குலத்தையும் சேர்த்து எண்ணுகிறது அந்நூல். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. ஆனால், நல்லாசிரியர் நிலத்தையும், மலையையும், நிறைகோலையும், மலரையும் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. அதை முழுவதும் ஏற்கிறோம். நிறைகோல் என்றால் தராசு. பால் கொட்டகையில் தராசு தொங்குகிறது. வெட்டி வந்த பாலை அதில் நிறுத்து எழுதுகிறோம். எழுதுகிறவர் நெஞ்சில் ஒரு தராசு இல்லாவிட்டால், கொட்டகைத் தராசு எவ்வளவு சரியாயிருந்து என்ன பயன்?

நடந்தது என்ன?

நமக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் பெரியவரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. பெயர் சொன்னால் குற்றம் அந்த ஒருவருடையது என்று மற்றவர்கள் நிம்மதியடைந்துவிடுவார்கள்.

நாம் முதன்முதல் சேர்ந்த ஆபீசில் பெரியவர் தமக்கென்றே சில குறிகள் வைத்திருந்தார். செக்குரோலில் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு பெருக்கற் குறியும் போடுவார். அதன் பொருள் என்னவென்று நாம் கேட்டோம். "பார்த்துக் கற்றுக்கொள், தம்பி" என்றார். மறுபடியும் கேட்டோம். "இங்கிலீசு படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று மண்டோர் முன்னிலையில் சிரித்தார். மூன்றாம் முறை நாம் கேட்கவில்லை. பெருக்கற் குறியென்றால் வேலைக்கு வராத நாள் என்று நாமே தீர்மானித்துக்கொண்டு, அந்த மாதக் கணக்கைக் கட்டி முடித்தோம்.

சம்பள நாளன்று பால் வெட்டும் அம்மையார் ஒருவர் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசு வாசலில் வந்து நின்றார். எழுத்தறியாதவர். ஆனால், எண்ணறியாதவர் அல்லர். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கரிக்கோடு என்று அடுப்படிச் சுவரில் கீறி வைத்திருந்தார். "கிராணி ஐயா, என் சுவரில் 24 கோடு இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் 20 நாள்தானாம். நான் வந்தது அந்த நிரையிலிருக்கிற மரத்துக்கெல்லாம் தெரியும். உங்கள் புத்தகத்துக்கு மட்டும் தெரியாமற் போயிற்றா?" என்றார்.

விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. அந்த நான்கு நாளும் அவரை வேறு பிரிவுக்கு ஆள் குறைவென்று அனுப்பியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் பெருக்கற் குறியென்றால், "பிற பிரிவில் வேலை; கணக்கு அங்கிருந்து வரும்" என்று பொருளாம்! அந்தக் குறியின் பொருள் உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தெரியும். அவரோ மானேஜர் முன்னிலையில் நம்மைச் சுட்டி, "புதுப் பையன், வேலை தெரியாது, சொன்னாலும் கேட்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தம் பேனாவைத் துடைத்துக்கொண்டார். அம்மையாருக்கு நான்கு நாள் கூலியோடு, நாள் தவறாமல் வந்ததற்குரிய படியும் போயிற்று. அடுத்த மாதக் கணக்கில் சேர்த்துத் தருவதாகச் சொல்லி அவரை அனுப்பினார்கள்.

நாம் வெட்கம் தாளாமல் பின்னாலேயே ஓடி, நம் பையிலிருந்த பணத்தை நீட்டினோம். அவர் கையை நீட்டவில்லை. "நான் கடன் கேட்க வரவில்லை, கிராணி ஐயா. என் கூலியைக் கேட்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாசகர்களே! இதில் குற்றவாளி யார்? பெரியவர் என்பீர்கள். ஆம், அவரே. ஆனால், நாமும்தான். இரண்டு முறை கேட்ட நாம் மூன்றாம் முறை ஏன் கேட்கவில்லை? மண்டோர் முன்னிலையில் நம் ஆங்கிலப் படிப்பின் கௌரவம் குறைந்துவிடுமே என்ற கர்வத்தினால்தான். அவர் தம் கௌரவத்துக்காக மறைத்தார்; நாம் நம் கௌரவத்துக்காகக் கேளாதிருந்தோம். இருவர் கௌரவத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியவர், அடுப்படிச் சுவரில் கோடு கீறிய அந்த அம்மையார்.

நாம் சொல்ல வந்த விஷயம் இதுவே. ஆபீசுக்குள் ஒருவர் ஒரு சூட்சுமத்தை ஒளித்தால், அதன் தண்டனை ஆபீசுக்குள் நிற்பதில்லை. அது லயத்துக்குப் போகிறது. மளிகைக் கடைப் பற்றில் ஏறுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் செருப்பில் போய் முடிகிறது. பெரியவர் கடுமையானவர், சின்னவர் பாவம் என்று இதை இரண்டு கிராணிமார்களின் சொந்த மனஸ்தாபமாகப் பேசுவது பெருந்தவறு.

கட்டைவிரல்

ஏகலைவன் கதை யாவரும் அறிந்ததே. வேடர் குலத்துப் பிள்ளை வில்வித்தை கற்க வந்தான். துரோணர் கற்பிக்க மறுத்தார். அவன் காட்டுக்குப் போய், மண்ணால் அவருடைய உருவத்தைச் செய்து வைத்துக்கொண்டு தானே கற்றான். கற்றுத் தேர்ந்த பிறகு துரோணர் வந்து குருதட்சிணையாக அவனுடைய வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார். அவன் அறுத்துக் கொடுத்தான். கதாகாலட்சேபக்காரர்கள் இதைச் சொல்லி, "ஆகா, என்ன குருபக்தி!" என்று உருகுகிறார்கள். நாம் கேட்பது ஒன்றே: கற்பிக்காத வித்தைக்குக் கட்டணம் ஏது? கடன் கொடாதவன் வட்டி கேட்டால் நாம் அவனை என்னவென்று அழைப்போம்?

தோட்டத்து ஜனங்களுக்கும் கட்டைவிரலுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் சம்பள நாளன்று வரிசையாய் நின்று, மையில் தோய்த்த கட்டைவிரலைப் புத்தகத்தில் பதித்துவிட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! எதற்கு நேரே பதிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். விரல் மட்டுமே தெரிந்தவர் இந்தப் பக்கம் நின்றார்.

அந்த மேசையின் உயரம் எவ்வளவு என்பதை அறிய 1941-ஆம் ஆண்டைப் பார்த்தால் போதும். அவ்வாண்டு சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். வெள்ளைக்கார மானேஜர்களும் ஆசியச் சிப்பந்திகளும் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல உரிமை வேண்டும் என்பதே அது. ஆசியச் சிப்பந்திகள் என்றால் யார்? கிராணிமார்களாகிய நாமே அல்லவா! துரையைக் கண்டு தொழிலாளி இறங்கியது போதாதென்று, துரையின் பேனாவைப் பிடித்தவரைக் கண்டும் இறங்க வேண்டியிருந்தது. அந்த வேலைநிறுத்தத்தை அடக்கத் துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, முன்னின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளில் ஏறிச் செல்லும் சாதாரண உரிமையும் அவ்வளவு விலை கொடுத்துக் கேட்கப்பட்டது என்பதைக் கிராணிமார்கள் மறக்கலாகாது.

அக்காலத்தில் தோட்டத்து ஆபீசுகளில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் இருந்தார்கள். ஆகையால் நம்மவர்கள், "வேற்றூரான் நமக்கு எப்படிக் கற்றுத் தருவான்?" என்று சொல்லி ஆறுதல் அடைந்தார்கள். நமக்குக் கற்பிக்க மறுத்தவரோ நம் மொழியை நம் ஊர் வழக்கிலேயே பேசியவர். நாற்காலி மாறவில்லை, உட்கார்ந்தவர் மாறினார், அவ்வளவே. ஆகவே, ஊரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு நாற்காலியை விசாரிப்போம்.

காரணமும் சாக்கும்

பெரியவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நாம் தராசைப் பற்றிப் பேசியது பொய்யாகிவிடும்.

அவர் ஏன் ஒளிக்கிறார்? அவர் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். அவரிடம் நிலம் இல்லை, கடை இல்லை. பிறர்க்குத் தெரியாத நாலு கணக்கு அவருக்குத் தெரியும் என்பதே அவருடைய ஒரே ஆஸ்தி. அதை நம்மிடம் கொடுத்துவிட்டால், குறைந்த சம்பளத்துக்கு நம்மை வைத்துக்கொண்டு தம்மை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அவருடைய குருவும் அவரைப் பென்சிற் கட்டையால் விரல் முட்டியில் அடித்தே வளர்த்தார். மாமியாரிடம் பட்டதையெல்லாம் மனத்தில் வைத்திருந்து மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் பெண்ணைப் போல், அவரும் தம் முறைக்குக் காத்திருந்தார்.

இந்தப் பயம் மெய்யான பயமே. இதை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால், காரணம் வேறு, சாக்கு வேறு. பசியினால் திருடினான் என்பது காரணம். அவன் தன்னைவிடப் பசித்தவனுடைய சோற்றைத் திருடினால் அது சாக்காகாது. முதலாளியிடம் உள்ள பயத்தைப் பெரியவர் முதலாளியிடமன்றோ காட்ட வேண்டும்? சிப்பந்திகளுக்குச் சங்கம் இருக்கிறது. அதில் சேர்ந்து தம் வேலைக்கும் வீட்டுக்கும் பாதுகாப்புக் கேட்கலாம். அதை விட்டுச் சின்னவனை இருட்டில் வைப்பதால் அவருடைய வீட்டுக்கூரை எப்படி உறுதிப்படும்?

"கண்டித்து வளர்த்தால்தான் கல்வி நிலைக்கும், நாங்கள் அப்படித்தான் ஆளானோம்" என்று சில பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கண்டிப்பை நாம் வெறுக்கவில்லை. கூட்டல் தவறினால் தாளைக் கிழித்து, "திரும்பப் போடு" என்று சொல்பவர் நமக்கு நன்மையே செய்கிறார். ஆனால், கண்டிப்பு என்பது கற்பித்த பிறகு வருவது. கற்பிக்காமலே கண்டிப்பது வெறும் வசை. வசையைக் கேட்டு ஆளானவர்கள் உண்டென்றால், வசையையும் மீறி ஆளானார்கள் என்றே நாம் சொல்வோம்.

இப்போது காலம் மாறிவிட்டதே, செக்குரோலே கணிப்பொறிக்குள் போய்விட்டதே என்று சிலர் கேட்கலாம். போகட்டும், மகிழ்ச்சி. ஆனால், பேரேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தவர் இன்று கணிப்பொறிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறார். அன்று வட்டத்துக்குள் பெருக்கற் குறி. இன்று கட்டத்துக்குள் ஒளித்து வைத்த சூத்திரம். அதுபோலவே, சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் வாசலில் நிற்பவரும் மாறியிருக்கிறார். அன்று அவர் நம் பாட்டி. இன்று பெரும்பாலும் அவர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளி. நம் பாட்டிக்கு நேர்ந்ததை நினைத்துக் கண்ணீர் விடும் தமிழ்க் கிராணி, அதே அநியாயத்தை அவருக்குச் செய்வாரானால் அந்தக் கண்ணீர் என்ன கண்ணீர்?

செய்யத் தக்கது

குறை கூறிவிட்டு வழி கூறாதவன் பாதி வேலை செய்தவனே. அந்த அம்மையார் திரும்பிப் போன நாள் முதல் நாம் கைக்கொண்ட முறைகளைச் சொல்கிறோம். இவை பெரிய தத்துவங்கள் அல்ல, பயன்பட்டவை.

முதலாவது, ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தோம். தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதினோம். தெரியாத இடத்தில், "இதன் பொருள் இதுவாயிருக்கலாம்" என்று நம் ஊகத்தையே எழுதிப் பெரியவர் மேசையில் வைத்து, "சரிதானா, ஐயா?" என்று கேட்டோம். இதில் ஓர் அதிசயத்தைக் கண்டோம். கேட்டால் சொல்லாத மனிதர், தப்பாக எழுதியிருப்பதைக் கண்டால் பொறுக்கமாட்டார்! சிவப்புப் பென்சிலை எடுத்து அடித்துத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். கற்பிக்க மனமில்லாதவருக்கும் திருத்த மனமுண்டு. மடற்பனையில் ஏற முடியாவிட்டால் கீழே பாயை விரித்து வை. பழம் விழத்தான் செய்யும்.

இரண்டாவது, கேள்வியை வேலையின்மேல் வைத்தோம், ஆளின்மேல் வைக்கவில்லை. "நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பது சண்டைக்கு அழைப்பது. "இந்தக் குறிக்குப் பொருள் என்ன? தெரியாவிட்டால் ஓர் ஆளுக்குச் சம்பளம் குறையும்" என்பது வேலை. மாதக் கடைசி நெருக்கடியில் கேட்காமல், மாதத்தின் முதல் வாரத்தில், நாலு பேர் இருக்கும்போது, மரியாதையோடு கேட்டோம். சிரித்தால் சிரிக்கட்டும் என்று மறுபடியும் கேட்டோம். சிரிப்புக்கு அஞ்சியவன் கூலியைக் குறைத்துவிடுகிறான் என்பதை நாம் அதற்குள் கற்றிருந்தோமல்லவா?

மூன்றாவது, அவர் ஒருவரே பள்ளிக்கூடம் என்ற எண்ணத்தை விட்டோம். எந்த நிரையில் யார் வெட்டினார் என்பது மண்டோருக்குத் தெரியும். பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் நிற்கும் என்பது கொட்டகையில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பவருக்குத் தெரியும். தன் வேலைநாள் எத்தனை என்பது தொழிலாளிக்கே தெரியும். சட்டமோ அச்சிற் கிடைக்கிறது. சம்பள காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்றும், சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு பிடிக்கலாகாது என்றும் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. இவற்றைத் தெரிந்துகொள்ள யாருடைய பையையும் தூக்க வேண்டியதில்லை. தொழிலாளர் இலாகாவின் கதவும் திறந்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆங்கிலத்தால் ஒரு பிரயோஜனம் உண்டென்றால், சட்டத்தைப் படித்து லயத்து வாசலில் தமிழில் சொல்வதே அது.

நான்காவது, வேலையைச் செய்தோம், ஊழியத்தை நிறுத்தினோம். அலுவலகத்தில் அவர் இட்ட வேலை எதையும் தட்டவில்லை. சந்தைக்குப் போவதையும் பை தூக்குவதையும் பணிவோடு மறுத்தோம். அவர் கோபித்தார். சில மாதங்கள் நம்மோடு பேசவில்லை. பேசாதிருந்தபோதும் சிவப்புப் பென்சிலால் திருத்துவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

மாணவன் ஆசிரியரிடம் குளிர் காய்பவன் நெருப்பினிடம் இருப்பதுபோல் மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்று நன்னூல் சொல்கிறது. நிழலைப்போல் நீங்காதிருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. முன்னதை ஏற்கிறோம், பின்னதை ஏற்கமாட்டோம். நெருப்பினிடம் சூடு வாங்கலாம். நிழலுக்கோ தனக்கென்று ஓர் உருவம் இல்லை.

பன்னாடை

கடைசியாக, நம்மைப் போன்ற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நன்னூல் ஆசிரியரை மாத்திரம் விடவில்லை. மாணாக்கரையும் தரம் பிரித்திருக்கிறது. கடைப்பட்ட மாணாக்கனுக்குச் சொன்ன உவமைகளுள் ஒன்று நெய்யரி. அதாவது, நெய் வடிகட்டும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிடும். கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடுமையான குருவினிடம் பயின்றவனுக்கு உள்ள பெரிய ஆபத்து இதுவே. பெரியவரிடம் கெட்ட குணம் மட்டுமா இருந்தது? அவருடைய எழுத்து முத்துக் கோத்தது போலிருக்கும். ஓராண்டுக் கணக்கை ஒரு காசு பிசகாமல் மனத்தாலேயே கூட்டுவார். மழை நாளில் பால் குறைந்தால் எவ்வளவு குறையும் என்று வானத்தைப் பார்த்தே சொல்வார். அது நெய். அவருடைய ஏளனமும், ஒளிப்பும், பிறர்மேல் பழி போடுவதும் கசடு. நம்மில் எத்தனை பேர் நெய்யை விட்டுவிட்டுக் கசடைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பதவி வந்ததும் அடுத்தவன் தலையில் கொட்டுகிறோம்! அவரைப் போல் கணக்குப் போடத் தெரியாது. அவரைப் போல் அதட்ட மட்டும் தெரியும். இத்தகையவர்கள் பெரியவரைவிடக் கேடானவர்கள். அவராவது வித்தையை ஒளித்தார். இவர்களிடம் ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை.

இன்று நம் மேசைக்கு எதிரே ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். அவன் வந்த முதல் நாளே நம் குறிப்புப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்துவிட்டோம். குறிகளின் பொருளைப் பெரிய எழுத்தில் எழுதி ஆபீசுச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சம்பளம் வாங்க வருகிறவர்களும் அதைப் பார்க்கலாம், கேட்கலாம். இதனால் நம் ஆஸ்தி போய்விட்டதே என்று ஒரு நண்பர் நமக்காக வருந்தினார். போகவில்லை. போன மாதம் அவ்விளைஞன் நாம் போட்ட கூட்டலில் ஒரு தவறு கண்டுபிடித்தான். ஒரு தொழிலாளியின் மூன்று நாள் கூலி தப்பிப் பிழைத்தது. நமக்குச் சற்று வெட்கமாயிருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால், அடுப்படிச் சுவரில் கோடு கீறிய அம்மையாரை நினைத்தபோது அந்த வெட்கம் மிக மலிவாய்த் தோன்றிற்று.

பெரிய கிராணிமார்களே! பட்டறை மேஸ்திரிமார்களே! காரியாலயத்துத் தலைவர்களே! உங்களிடம் உள்ள வித்தை நீங்கள் பிறக்கும்போது கொண்டு வந்ததன்று. யாரோ ஒருவர் சொன்னார். அல்லது சொல்லாதவரிடமிருந்து நீங்கள் பாடுபட்டுப் பறித்தீர்கள். எவ்வாறாயினும், அதை ஒளித்து வைத்துக்கொண்டே நீங்கள் ஓய்வு பெற்றால் உங்களோடு போவது உங்கள் கௌரவம் அன்று. யாரோ ஒருவருடைய கூலி. கற்பிக்காமல் வணக்கம் கேளாதீர்கள். கற்பித்துவிட்டுக் கேளாமலிருந்து பாருங்கள். அது தானாக வரும்.

இளைஞர்களே! கற்பிப்பவரை வணங்குங்கள், கற்பியாதவரிடமும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால், கட்டைவிரலை மட்டும் யாருக்கும் கொடாதீர்கள். பிறருடைய கூலியைச் சரியாக எழுதுவதற்கு அந்த விரல் வேண்டும்.